இரண்டு கேன் இறால் பண்ணைத் தண்ணீர்

1999 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால் முதலில் இரண்டு டிரம்களையும் நிரப்பினேன். ஆறரைக்குக் காபி. ஏழு நாற்பதுக்கு ஸ்கூட்டரை எடுத்தேன். பெங்களூரில் என் வீடு இருந்த அல்சூரிலிருந்து பீண்யா தொழிற்பேட்டைக்கு அன்று ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. யஷ்வந்த்புரத்தில் ஒரு லாரி அச்சு முறிந்து நடுச்சாலையில் நின்றிருந்தது. எட்டு முப்பத்திரண்டுக்கு ஆய்வகக் கதவைத் திறந்தேன். தராசின் பூஜ்யத்தைச் சரிபார்த்தேன். உலர்த்தும் அடுப்பு நூற்று நான்கு டிகிரி. இன்குபேட்டர் இருபத்தேழு. எல்லாம் சரி என்று எழுதி, கீழே சின்னக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஆண்டின் டைரியிலிருந்து இதைப் பார்த்து எழுதுகிறேன். நான் விருப்ப ஓய்வு பெற்று ஓராண்டு ஆகப்போகிறது. போன வாரம், என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண் தொலைபேசியில் அழைத்தார். ஆய்வகத்துக்குப் புதுக் கருவி வந்திருக்கிறதாம். தண்ணீரில் அதன் முனையை முக்கினால், கலங்கல் எவ்வளவு என்று உடனே எண்ணாகக் காட்டிவிடுமாம். இனி வடிகட்டி எடை போடும் வேலையே அதிகம் இருக்காதாம். பழைய செய்முறைக் கோப்பை எடுத்துவைக்கும்போது ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் தாளில் இருப்பதைப் பார்த்திருக்கிறார். "சார், உப்புத் தண்ணி பக்கம் மட்டும் ஏன் வேற கலர்?" என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். சொல்வதற்கு எழுதிப் பார்ப்பதுதான் எனக்கு வழி.

நான் 1991இல், முப்பத்துமூன்று வயதில், மூடப்பட்ட ஒரு பெயின்ட் கம்பெனியிலிருந்து இந்த ஆய்வகத்துக்கு வந்தேன். முதல் இரண்டு ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாட்டில் கழுவினேன், கழுவிய பாட்டிலைத் தலைமை வேதியியலாளர் முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பினார், மறுபடி கழுவினேன். எங்களுக்கு வந்ததெல்லாம் பீண்யாவின் தண்ணீர்தான். முலாம் பூசும் பட்டறைகள், சாயப் பட்டறைகள், ஒரு மருந்துத் தொழிற்சாலை. அந்த நீர்களைக் கண்ணால் பார்த்தே எங்கிருந்து வந்தது என்று சொல்லும் அளவுக்கு ஆனேன்.

தலைமை வேதியியலாளர் நஞ்சுண்டையா. மைசூர்ப் பக்கத்துக்காரர். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். நான் பதினாறு ஆண்டுகள் அவரிடம் வேலை பார்த்தேன். ஒருமுறைகூட அவர் குரலை உயர்த்தவில்லை. முடிவுத் தாளைக் கொடுத்தால் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். மேலிருந்து படித்தால் எதிர்பார்த்ததைத்தான் கண் பார்க்கும் என்பார். படித்து முடித்துக் கைகழுவித் துடைத்துக்கொண்ட பிறகே பச்சை மைப் பேனாவை எடுப்பார். சந்தேகம் வந்தால் அவர் கேட்பது ஒரே சொல்: "ஹௌதா?" அப்படியா என்று அர்த்தம். ஆமாம் சார் என்போம். சற்று நேரம் தாளையே பார்த்துவிட்டு மறுபடி "ஹௌதா?" ஆமாம் சார். மூன்றாவது முறை கேட்கும்போது பெரும்பாலும் நாங்களே போய் மறுபடி செய்து பார்ப்போம். பத்தில் ஆறு முறை தவறு எங்களுடையதாகவே இருக்கும். அதனால் அந்தக் கேள்விமேல் எனக்கு மரியாதை இருந்தது.

இன்னொருவர் தேவராஜ். மாதிரி எடுத்து வருபவர். பெரிய ஐஸ் பெட்டியுடன் கர்நாடகம் முழுக்கப் பஸ்ஸில் போய்ப் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து வருவார். மர்பி டவுன்காரர், என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். என்னைவிட நான்கு வயது மூத்தவர், ஆனாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிடித்த தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். போர்வெல் நீர் என்றால் கடினத்தன்மையைத் தோராயமாகச் சொல்லிவிடுவார். நான் செய்து பார்த்தால் கிட்டத்தட்ட இருக்கும்.

"பீண்யா தண்ணிய மட்டும் நாக்குல வைக்கமாட்டேன் சார்" என்பார். "பொண்டாட்டி புள்ள இருக்குது."

இறால் பண்ணைத் தண்ணீர் எங்களிடம் வரத் தொடங்கியது, பண்ணைகள் குறித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு. குளத்துத் தண்ணீரை அப்படியே கழியில், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழியில், திறந்துவிடக் கூடாது; முதலில் ஒரு வண்டல் குளத்தில் நிறுத்தித் தெளிய வைக்க வேண்டும்; உள்ளே எடுக்கும் தண்ணீரையும் வெளியே விடும் தண்ணீரையும் சோதித்துத் தாள் காட்ட வேண்டும். கடலோரத்தில் போதிய ஆய்வகங்கள் இல்லை. அதனால் கும்டா பக்கத்துப் பண்ணை ஒன்றின் தண்ணீர் மலையேறி, ஓர் இரவு முழுக்கப் பஸ்ஸில் குலுங்கி, கடலே இல்லாத பெங்களூருக்கு வந்தது.

எடுக்கும் இடத்துக்கு ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் கேன். அதேபோல் இரண்டு கண்ணாடிப் பாட்டில். கழியிலிருந்து எடுத்ததற்கு இன் என்றும், வண்டல் குளத்திலிருந்து வெளியேறும் மடையில் எடுத்ததற்கு அவுட் என்றும் சீட்டு. கண்ணாடிப் பாட்டில் பி.ஓ.டி. சோதனைக்கு. தண்ணீரில் உள்ள அழுக்கைக் கிருமிகள் தின்னும்போது எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்று மூன்று நாள் இன்குபேட்டரில் வைத்துப் பார்ப்பது. கேனில் வருவது, தண்ணீரில் மிதக்கும் துகள்களின் எடையைப் பார்க்கும் டி.எஸ்.எஸ். சோதனைக்கு. அதன் செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கண்ணாடி நாரால் ஆன வட்டமான வடிதாளை உலர்த்தி, ஆறவைத்து, எடை போட வேண்டும். கேனை நன்றாகக் குலுக்கி, நூறு மில்லி அளந்து அந்தத் தாள் வழியே உறிஞ்சி வடிக்க வேண்டும். பிறகு காய்ச்சி வடித்த நீரால் தாளைக் கழுவ வேண்டும். அடுப்பில் ஒரு மணி நேரம். டெசிக்கேட்டர் என்கிற, ஈரம் புகாத கண்ணாடிக் கலத்தில் ஆறவைத்து மறுபடி எடை. இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் துகள். வெளியே விடும் நீரில் லிட்டருக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

கழுவ வேண்டும் என்று எழுதினேன். எத்தனை முறை? புத்தகத்தில் மூன்று. எங்கள் கோப்பில் ஒன்று. 1993 கோடையில் மின்வெட்டு அதிகம். நீரைக் காய்ச்சி வடிக்கும் சாதனம் நாளுக்கு மூன்று மணி நேரம்தான் ஓடியது. மூன்று தடவை கழுவுவது அவசியமா என்று நஞ்சுண்டையா சார் கேட்டார். நான் பத்து மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு தாளில் ஒருமுறையும் இன்னொரு தாளில் மூன்று முறையும் கழுவி எடை போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் தராசின் தவறளவுக்குள்தான் இருந்தது. 'ஐந்து மில்லி, ஒரு முறை போதும்' என்று என் கையால் கோப்பில் எழுதினேன். அவர் பச்சை மையில் ஒப்பமிட்டார். பத்து மாதிரியும் பீண்யா தண்ணீர்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. தேவராஜ் வெள்ளிக்கிழமை பண்ணையில் தண்ணீர் பிடித்து, சனிக்கிழமை காலை பெட்டியோடு வந்து சேர்ந்திருந்தார். துகள் எடையை அன்றே பார்த்துவிட்டேன். இன் நூற்று ஐம்பத்திரண்டு, அவுட் நூற்று இருபத்துநான்கு. விசித்திரமாக இருந்தது. ஆனால் தாளை மூன்று முறை எடை போட்டும் அதுதான். பி.ஓ.டி. செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு முடிந்தது. இன் நான்கு, அவுட் பதினேழு. இரண்டையும் ஒரே தாளில் எழுதி நஞ்சுண்டையா சார் மேசையில் வைத்தேன்.

கீழிருந்து மேலே படித்தார்.

"ஏன்ப்பா, பி.ஓ.டி. ஒண்ணு சொல்லுது, டி.எஸ்.எஸ். ஒண்ணு சொல்லுது. கழியிலேர்ந்து வர்ற தண்ணி கலங்கல். பண்ணையிலேர்ந்து போற தண்ணி அதைவிடத் தெளிவு. எறா எல்லாம் சேர்ந்து தண்ணிய வடிகட்டிக் கொடுத்துச்சா?"

"மூணு தடவை எடை போட்டேன் சார்."

"ஹௌதா?"

"ஆமா சார். தாள் டெசிக்கேட்டர்லயே இருக்கு."

என் எடையை அவர் சந்தேகப்படவில்லை. அதில் எனக்கு அன்று ஒரு பெருமிதம் இருந்ததை மறைப்பதற்கில்லை. "நீ எடை போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றார். "அப்போ கேன் மாறியிருக்கு. தேவராஜை வரச் சொல்லு."

தேவராஜ் பாட்டில் கழுவும் இடத்திலிருந்து கையைச் சட்டையில் துடைத்தபடி வந்தார். கேட்டதும் மறைக்காமல் சொன்னார்.

"சீட்டு கழண்டுடுச்சு சார். ஐஸு முச்சூடும் கரைஞ்சி தண்ணியா நின்னுது. காலையில யஷ்வந்த்புரத்துல எறங்கி பொட்டிய தொறந்தா ரெண்டு கேன் சீட்டும் மெதக்குது. கண்ணாடி பாட்டிலுக்கு நூல்ல கட்டியிருந்தேன். அது அப்படியே இருந்துச்சு."

"அப்புறம் எது எந்தக் கேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"நாக்குல வெச்சு பாத்தேன் சார். கழித் தண்ணி நல்லா கரிக்கும். பண்ணைத் தண்ணி அவ்ளோ கரிக்காது. மழைக்காலத்துல ரொப்பினது, அப்புறம் சீக்கு வரும்னு பயந்து கழித் தண்ணிய மாத்தவேயில்லைன்னு அங்க இருந்த ஆளு சொன்னாரு."

நஞ்சுண்டையா சார் என்னைப் பார்த்தார். "அடுத்த ரிப்போர்ட்லேர்ந்து இதுக்கு ஒரு கட்டம் போட்டுடலாமா? நாக்கு டெஸ்ட்னு?"

நான் சிரித்தேன். டைரியில் அதுவும் இருக்கிறது.

"ராத்திரி பஸ்ல தூங்கினியா தேவராஜ்?"

"எங்க சார். ஜன்னல் மூட வரலை."

"வெத்தல?"

"போட்டிருந்தேன் சார். தூக்கம் வராம இருக்கறதுக்கு."

"தூங்காத ஆளு. வெத்தல போட்ட நாக்கு. ஆனா சீட்டு சரியாத்தான் ஒட்டினே. ஹௌதா?"

"ஆமா சார்."

சார் தாளைப் பார்த்தார். மேசைமேல் இருந்த பேனாவைச் சற்று நகர்த்தி வைத்தார். "ஹௌதா?"

"ஒட்டினேன்னுதான் நெனைக்கிறேன் சார்."

அப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது.

"ஹௌதா?"

"மாறியிருந்தாலும் மாறியிருக்கும் சார்" என்றார் தேவராஜ்.

தவறை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கும்படி சார் சொன்னார். அதை மேலிடத்துக்கு அனுப்புவதாகவும், அவர்கள் சொல்லும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போன இருவரை எனக்குத் தெரியும். இருவரும் திரும்பி வரவில்லை. தேவராஜுக்கும் அது தெரியும்.

வெளியே வந்ததும் அவர் என்னிடம், "நீங்களே எழுதிக் குடுத்துடுங்க சார். எனக்கு இங்கிலீஷு வராது, உங்க கையெழுத்துன்னா பாக்கறவங்களுக்கு மரியாதையா இருக்கும்" என்றார். எழுதினேன். 'கவனக் குறைவால் இரண்டு கேன்களின் சீட்டுகளையும் மாற்றி ஒட்டிவிட்டேன்' என்று ஆங்கிலத்தில். அவர் சொன்னது மாறியிருந்தாலும் மாறியிருக்கும் என்பது. ஆனால் எங்கள் ஆய்வகத்தில் எழுத்தில் எதையும் இருக்கலாம் என்று போடுவதில்லை. ஒன்று இருக்கும், அல்லது இருக்காது. எட்டு வருடப் பழக்கத்தில் கை அப்படித்தான் எழுதியது. நான் படித்துக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஐஸ் பெட்டியை மூலையில் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றே காலுக்குப் போனார்.

முடிவுத் தாளில் துகள் எடைகளை மாற்றிப் போட்டோம். இன் நூற்று இருபத்துநான்கு, அவுட் நூற்று ஐம்பத்திரண்டு. சிவப்பில் ஒற்றைக் கோடு, பக்கத்தில் புது எண், சின்னக் கையெழுத்து. திருத்தம் முறைப்படி இருந்தது. மூன்றரைக்குப் பண்ணைக்கு ஃபேக்ஸ் போயிற்று.

நாலு மணிக்குக் கேன்களைக் கொட்டிக் கழுவ எடுத்தேன். தேவராஜ் செய்யும் வேலை; அன்று அவர் இல்லை. மூடியைத் திறந்தபோது ஒன்று தோன்றியது. கண்ணாடிப் பாட்டிலின் சீட்டு நூலில் கட்டியது. அது மாற வழியில்லை. கேனிலும் பாட்டிலிலும் இருப்பது ஒரே இடத்துத் தண்ணீர். அப்படியானால் உப்பை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பண்ணைக்காரர் கேட்டிருந்த பட்டியலில் உப்பை அளக்கும் குளோரைடு சோதனை இல்லாததால் நாங்கள் அதைச் செய்யவில்லை. கேட்காததைச் செய்யக் கூடாது என்பது விதி. ஆனாலும் பியூரெட்டில் சில்வர் நைட்ரேட்டை நிரப்பினேன். பாட்டில்களில் மிஞ்சியிருந்த நீரையும் கேன் நீரையும் ஒரே அளவில் நீர்க்கச் செய்து சோதித்தேன். மஞ்சள் நிறம் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் இடம் எனக்கு நன்றாகப் பழக்கம். இன் என்று கட்டிய பாட்டிலுக்கு அவுட் பாட்டிலைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு செலவானது. இன் என்று ஒட்டிய கேனுக்கும் அதே மூன்று மடங்கு.

கேன்கள் மாறவில்லை. தேவராஜின் நாக்கு சரி.

எனக்கு அப்போது தெளிவு வரவில்லை, குழப்பம்தான் கூடியது. சீட்டு சரி என்றால் எடை தவறு. எடை சரி என்று தராசு மூன்று முறை சொல்லியிருந்தது. இரண்டும் சரி என்றால், பி.ஓ.டி. சொல்வது என்ன? ஒரு தாளில் நான்கு பெட்டி போட்டு எழுதிப் பார்த்தேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். டைரியில் அந்தப் பக்கம் மட்டும் என் கையெழுத்து மாதிரியே இல்லை.

ஐந்து ஐந்துக்கு டெசிக்கேட்டரைத் திறந்து இரண்டு தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அவுட் தாள் பச்சை கலந்த பழுப்பு. இன் தாள் அதைவிட வெளிறியிருந்தது. வெளிறிய தாள் எப்படி அதிக எடை இருக்கும் என்று சனிக்கிழமையே நான் கேட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை தராசின் எண்ணைப் பார்த்தேன்; தாளைப் பார்க்கவில்லை. இப்போது சாய்த்துப் பிடித்தபோது, இன் தாளின் ஓரத்தில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. நகத்தால் தொட்டேன். உப்பு.

வடிதாளில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். பீண்யா தண்ணீராக இருந்தால் அது காய்ந்ததும் சொல்லும்படி எதுவும் மிஞ்சாது. கடல் தண்ணீராக இருந்தால் உப்பு மிஞ்சும். அதைப் போக்கத்தான் புத்தகத்தில் மூன்று கழுவல். நான் துகளோடு சேர்த்து உப்பையும் எடை போட்டிருக்கிறேன். உப்பு அதிகமுள்ள இன் தண்ணீருக்கு அதிக எடை வந்திருக்கிறது.

இரண்டு தாள்களையும் மூன்று மூன்று முறை கழுவினேன். அடுப்பில் ஒரு மணி நேரம், ஆறவைத்தேன், எடை போட்டேன். இன் நாற்பத்தொன்று. அவுட் எண்பத்துமூன்று. பண்ணையின் தண்ணீர் கழியைவிடக் கலங்கல்தான், ஆனால் வரம்புக்குள். ஏழு பத்துக்குத் தராசை மூடினேன். நஞ்சுண்டையா சார் ஐந்தரைக்கே போயிருந்தார். அவர் வீட்டில் தொலைபேசி இருந்தது. நான் அழைக்கவில்லை. ஏன் என்று டைரியில் எழுதவில்லை. இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை ஒன்பது பத்துக்கு நஞ்சுண்டையா சார் வந்ததும் தவறு என்னுடையது என்று காலையில் நான் எழுதிய கடிதத்தையும் இரண்டு வடிதாள்களையும் மேசையில் வைத்தேன். கீழிருந்து மேலே படித்தார். மூன்று முறை "ஹௌதா?" கேட்டார். மூன்றாவது முறை எனக்கே சந்தேகம் வந்து, அவர் கண்ணெதிரே தாள்களை மறுபடி எடை போட்டேன். அதே எண். கைகழுவிக்கொண்டு வந்து பச்சை மையில் ஒப்பமிட்டார். "கழுவல் ஒண்ணு போதும்னு நானும்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார். அவ்வளவுதான். மேலே அனுப்பவிருந்த உறை அனுப்பப்படவில்லை. தேவராஜ் வியாழக்கிழமை வேலைக்கு வந்தார்.

தேவராஜ் எழுதியதாக நான் எழுதிய கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றார் சார். "அன்னைக்கு அவன் சொன்னது அது. இன்னைக்கு நீ சொல்றது இது. ரெண்டும் இருக்கட்டும்."

அவர் சொன்னது நேர்மையா, பிடிவாதமா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. நான் ஓய்வு பெறும் நாளிலும் அது அங்கேதான் இருந்தது.

திருத்திய முடிவு போனதும் பண்ணை மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். கன்னடத்தில் பேசினார். "உங்க பேப்பரைப் பார்த்து நேத்து மடையை அடைச்சேன். இப்போ தொறக்கலாமா, கூடாதா?" எண்பத்துமூன்று, திறக்கலாம் என்றேன். "பக்கத்து ஊர்க்காரங்க கிணறு உப்பாப் போச்சுன்னு கேட்டுல நிக்கிறாங்க. இந்த எண்பத்துமூணை அவங்களுக்கு நான் எப்படிச் சொல்லட்டும்?" என்றார். கிணற்றுத் தண்ணீர் எங்கள் இரண்டு கேன்களில் எதிலும் வரவில்லை. அந்த உப்பு பண்ணையால் வந்ததா, கழியே உள்ளே புகுந்ததா, யாரும் எங்களைக் கேட்கவும் இல்லை. துகளை மட்டும் கேட்டார்கள். துகளோடு சேர்த்து உப்பையும் எடை போட்டுக் கொடுத்தேன். தவறு என்று கழுவினேன். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு உப்புதான் பிரச்சினை என்றால், கழுவிய தாள் சரியா, கழுவாத தாள் சரியா? இப்படியெல்லாம் யோசிப்பது வேதியியல் இல்லை என்று தெரியும். ஆனாலும் யோசனை வருகிறது.

அதற்கு முன் உப்புத் தண்ணீருக்கு ஒன்பது முடிவுகள் கொடுத்திருந்தோம். எல்லாம் ஒரு கழுவல். அந்தத் தாள்கள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. முகவரி கிடைத்த நான்கு பண்ணைகளுக்குக் கடிதம் எழுதினோம். ஒன்றிடமிருந்தும் பதில் இல்லை. எந்தப் பண்ணை எங்கள் எண்ணைப் பார்த்து மடையை அடைத்தது, எது இன்னொரு குளம் வெட்டியது, தெரியாது. உப்புத் தண்ணீருக்கு மூன்று கழுவல் என்று, கண்ணில் படும்படி மஞ்சள் தாளில் எழுதி அந்த வாரம்தான் கோப்பில் சேர்த்தேன்.

தேவராஜ் அதன் பிறகு எட்டு வருடம் வேலை பார்த்தார். கேன்களுக்கும் கம்பியில் தகட்டுச் சீட்டு கட்டினார். ஆனால் தண்ணீரை நாக்கில் வைப்பதை விட்டுவிட்டார். நான் வேண்டுமென்றே ஒருமுறை, ஒரு போர்வெல் பாட்டிலை நீட்டி, "இது எப்படி இருக்கும், சொல்லுங்க பார்க்கலாம்" என்றேன். "சீட்டுல எழுதியிருக்குது சார்" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. கோபமில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 10, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். முதல் வேலையாக, என் பெயரில் ஒரு கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மர்பி டவுனுக்கு நடந்தேன். ஆறு இருபதுக்குத் தேவராஜ் வீட்டு வாசலில் நின்றேன். அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். மச்சினர் ஓட்டல் ஒன்றில் வேலைக்குச் சொல்லியிருந்தாராம். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இன்னா சார், இன்னும் ஏதாவது கையெழுத்து போடணுமா?"

"இல்லை. நான்தான் போடணும். உள்ள வரட்டுமா?"

ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டார்கள். கடிதத்தைப் பிரித்து, ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று படித்தேன். கேன்களின் சீட்டுகள் சரியாக ஒட்டப்பட்டிருந்தன. குளோரைடு சோதனையில் அது உறுதியானது. தவறு வடிதாளைக் கழுவியதில் நடந்தது. கழுவியவன் நான். அந்த விதியை எழுதியவனும் நான். தேவராஜ் மீது எந்தக் குற்றமும் இல்லை.

தேவராஜ் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "மாறியிருக்கலாம், கிறியிருக்கலாம்னு எங்கயும் வரலையே சார்?" என்றார்.

"வரலை."

"அப்போ நான் சரியாத்தான் ஒட்டினேன்."

"சரியாத்தான் ஒட்டினீங்க."

அவர் அடுப்பு இருந்த பக்கம் திரும்பினார். "இவளுக்கும் ஒருதரம் படிச்சு காட்டிடுங்க சார். நேத்து இவகிட்ட நான்தான் மாத்திட்டேன்னு சொல்லிட்டேன்."

அவர் மனைவி தோசைக்கல்லை இறக்கிவைத்துவிட்டு வந்து நின்றார். மறுபடி முதல் வரியிலிருந்து, இந்த முறை தமிழில் மட்டும் படித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் என்னிடம் பேசவில்லை, கணவரிடம் கேட்டார்.

"மாத்தலைன்னா அப்புறம் ஏன்யா மாத்தினேன்னு சொன்னே?"

"தெரியலை. மூணு தடவை கேட்டாங்க" என்றார் தேவராஜ்.

அவர் மனைவி அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். பேனாவை எடுத்து, தாளை முழங்காலில் வைத்து, இருவரும் பார்க்கக் கையெழுத்துப் போட்டேன். நேரம் ஆறு நாற்பத்தொன்று.